மடற்பெட்டி தேடும் நடை

நுழையும்முன்

ஓர் ஊரை அறிவதற்கு வரைபடம் உதவும், நூல்கள் உதவும். ஆயினும் கால்களால் நடந்து, கண்களால் தேடி, கைகளால் பதிவுசெய்து அறிவதற்கு அவை ஈடாகா. நடை, புதிர், கைவினை, நாட்குறிப்பு ஆகிய நான்கும் ஒன்றுசேர்ந்த பொழுதுபோக்கு ஒன்று இங்கிலாந்தின் மேட்டுநிலத்தில் தோன்றியது. அதன் முறைகள் ஒவ்வொன்றுக்கும் இணையான அறிவு தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல் கரையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உண்டு. தேடிக் கண்டதை எடுத்துச் செல்லாமல், அதன் பதிவை மட்டும் கொண்டுசெல்லும் பண்பை விளக்குகிறது இப்பாடம்.

ஒரு புட்டியில் தொடங்கிய பழக்கம்

இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் மாவட்டத்தில் டார்ட்மூர் என்னும் பரந்த மேட்டுநிலம் உள்ளது. கருங்கல் பாறைக் குவியல்களும் சதுப்பு நிலங்களும் நிறைந்த அப்பகுதியில் வழி தவறுவது எளிது. 19-ஆம் நூற்றாண்டில் அதனைக் காண வந்தோர், உள்ளூர் வழிகாட்டிகளின் துணையுடனேயே நடந்தனர். அவ்வழிகாட்டிகளுள் ஒருவர் சாக்ஃபோர்டு என்னும் ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் பெராட். அவர் 1854-ஆம் ஆண்டில், எளிதில் அடையமுடியாத கிரான்மியர் பூல் என்னும் இடத்தில் ஒரு புட்டியை வைத்தார். அவ்வளவு தொலைவு நடந்து சென்றவர்கள், தாங்கள் வந்து சேர்ந்ததற்கு அடையாளமாகத் தம் பெயர்ச்சீட்டை அப்புட்டிக்குள் இட்டுத் திரும்பினர்.

நாளடைவில் புட்டியின் இடத்தைத் தகரப்பெட்டி பிடித்தது. நடந்து வந்தவர்கள், தம் முகவரியையோ நண்பர் முகவரியையோ எழுதிய அஞ்சலட்டைகளைப் பெட்டியில் வைத்துச் சென்றனர். அடுத்து வருபவர் அவற்றை எடுத்துச் சென்று, ஊருக்குத் திரும்பியதும் அஞ்சலில் சேர்த்தார். அனுப்பியவரும் அஞ்சலில் சேர்த்தவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆயினும் முன்னவரின் மடலைப் பின்னவர் பொறுப்புடன் சேர்ப்பித்தார். மடல்களைத் தாங்கிய பெட்டியாதலால், அதனைத் தேடிச் செல்லும் பழக்கத்திற்கு ஆங்கிலத்தில் 'லெட்டர்பாக்ஸிங்' என்னும் பெயர் அமைந்தது. தமிழில் இதனை 'மடற்பெட்டித் தேடல்' எனலாம்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெட்டிக்குள் வருகையாளர் ஏடும் ரப்பர் முத்திரையும் இடம்பெற்றன. டார்ட்மூரைப் பற்றி விரிவாக எழுதிய வில்லியம் கிராசிங்கின் நினைவாக 1938-இல் டக்ஸ் பூல் என்னுமிடத்தில் மற்றொரு பெட்டி அமைக்கப்பட்டது. நீண்டகாலம் ஒருசில பெட்டிகளே இருந்தன. 1970-களுக்குப் பின்னர் அவை பெருகி ஆயிரக்கணக்காயின. நூறு பெட்டிகளைக் கண்டறிந்தவர்கள் 'நூற்றுவர் மன்றம்' என்னும் பொருள்தரும் பெயருடைய குழுவில் சேரும் தகுதி பெற்றனர். 1998-இல் ஸ்மித்சோனியன் இதழில் வெளிவந்த கட்டுரை, இப்பழக்கத்தை அமெரிக்காவில் பரவச் செய்தது.

பெட்டியும் ஏடும்

மடற்பெட்டித் தேடலின் முறை எளிமையானது. நீர் புகாத சிறிய பெட்டி ஒன்று, பொதுமக்கள் நடமாடக்கூடிய இடத்தில் கண்ணில் படாதவாறு வைக்கப்படும். அதனுள் ஒரு முத்திரையும் ஓர் ஏடும் இருக்கும். பெட்டியை வைத்தவர், அதனை அடைவதற்கான குறிப்புகளை எழுதி வெளியிடுவார். தேடிச் செல்பவர் தமக்கென ஒரு முத்திரையையும் ஓர் ஏட்டையும் மைப்பொதியையும் உடன் கொண்டுசெல்வார்.

பெட்டியைக் கண்டதும் இரண்டு பதிவுகள் நிகழும். பெட்டியிலுள்ள முத்திரையைத் தேடியவர் தம் ஏட்டில் பதித்துக்கொள்வார். பின்னர்த் தம் முத்திரையைப் பெட்டியிலுள்ள ஏட்டில் பதித்து நாளையும் குறிப்பார். பலர் தம் இயற்பெயருக்கு மாறாக ஒரு புனைபெயரையே எழுதுவர். அதன்பின் பெட்டி முன்பிருந்தவாறே மூடி மறைக்கப்படும். பரிசுப்பொருள் எதுவும் இல்லை, போட்டியும் இல்லை. வந்தவர் கொண்டுசெல்வது ஒரு பதிவு. விட்டுச்செல்வதும் ஒரு பதிவு.

இவ்விருவழிப் பதிவே இப்பொழுதுபோக்கின் உயிர்நாடி. ஏட்டைப் புரட்டுபவர், தமக்கு முன் வந்தவர்களின் முத்திரைகளைக் காண்கிறார். மழையில் வந்தவர் யார், குழந்தைகளுடன் வந்தவர் யார், பலமுறை முயன்று கண்டவர் யார் என்பன சிறு குறிப்புகளாக அங்கே இருக்கும். ஒரே இடத்தை நாடி வந்த முன்பின் அறியாத மனிதர்களிடையே அவ்வேடு உறவை ஏற்படுத்துகிறது.

சில பெட்டிகளுக்கு எழுத்துவடிவில் குறிப்பு இராது. ஒருவர் வாய்மொழியாகச் சொல்ல மற்றவர் அறிவர். வேறு சில, நிலையாக ஓரிடத்தில் இருப்பதில்லை. ஒரு பெட்டியைக் கண்டவர், அதனுள் இருக்கும் சிறிய 'பயண முத்திரை'யை எடுத்துச் சென்று, தாம் அடுத்துக் காணும் பெட்டியில் வைப்பார். இவ்வாறு அது ஊர் ஊராகச் செல்லும்.

தெரிந்து தெளிவோம்

செயற்கைக்கோள்வழி இடங்காட்டும் கருவியைக் கொண்டு மறைபொருளைத் தேடும் 'ஜியோகேச்சிங்' 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தொடங்கியது. அங்கு எண்களாகிய அகலாங்கும் நெட்டாங்கும் தேடுநரை வழிநடத்துகின்றன. மடற்பெட்டித் தேடலில் சொற்களும் திசைகளும் புதிர்களும் வழிநடத்துகின்றன.

குறிப்பும் கோணமும்

டார்ட்மூர்க் குறிப்புகளில் திசைகாட்டியின் பங்கு பெரிது. 'தேவாலயக் கோபுரம் 40 பாகையில் தெரிய வேண்டும். பாறைக்குன்றின் உச்சி 130 பாகையில் தெரிய வேண்டும்' என்பதுபோலக் குறிப்பு அமையும். கோபுரம் 40 பாகையில் தெரியும் இடங்கள் பல. அவை அனைத்தும் ஒரு நேர்கோட்டில் அமையும். குன்றின் உச்சி 130 பாகையில் தெரியும் இடங்கள் மற்றொரு நேர்கோட்டில் அமையும். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளி ஒன்றே. அப்புள்ளியில் நின்று, குறிப்பிட்ட அடிகள் நடந்தால் பெட்டியை அடையலாம். கோடுகள் செங்கோணத்தை ஒட்டி வெட்டிக்கொள்ளும்போது பிழை குறையும்.

இந்த வடிவியல் புன்னைக்காயல் மீனவர்க்குப் புதிதன்று. கடலடியிலுள்ள பாறைத்திட்டுகளை அக்கடற்கரை மக்கள் 'பார்' என்பர். முத்துச்சிப்பிகள் வாழ்ந்ததும் மீன்கள் கூடுவதும் அத்தகைய பார்களில்தாம். தூத்துக்குடிக் கடலில் உள்ள தொள்ளாயிரம் பார் முத்துச்சிப்பிக்குப் பெயர்பெற்றது. நீருக்கடியில் மறைந்துகிடக்கும் பாரைக் கருவிகள் இல்லாக் காலத்திலும் மீனவர் கண்டடைந்தனர். கரையிலுள்ள தேவாலயக் கோபுரமும் அதன் பின்னுள்ள உயர்ந்த பனையும் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்ப்படும்வரை படகைச் செலுத்துவர். வேறொரு திசையில் கோயிலும் தேரி மேடும் அவ்வாறே நேர்ப்படுமாயின், அவ்விடமே பார். இரண்டு பொருள்கள் நேர்ப்படுவது ஒரு கோடு. வேறிரண்டு நேர்ப்படுவது மற்றொரு கோடு. கோடுகள் வெட்டும் புள்ளியில் வலை இறங்கும். டார்ட்மூரில் நடப்பவர் கைக்கருவியால் காண்பதைக் கடலோடி கண்களால் மட்டும் கண்டார்.

அக்குறிப்புகள் ஏட்டில் எழுதப்பட்டவை அல்ல. தந்தை மகனுக்குப் படகில் வைத்துக் காட்டிச் சொன்னவை. ஆதலின், அடையாளமாக நின்ற பனை வீழ்ந்தாலோ புதிய கட்டடம் பழைய கோபுரத்தை மறைத்தாலோ குறிப்பின் ஒரு பகுதி அழிகிறது. பெருமளவிலான முத்துக்குளிப்பு 1961-க்குப் பின் இக்கடலில் நடைபெறவில்லை. செயற்கைக்கோள்வழி இடங்காட்டி படகுகளில் இடம்பெற்ற பின்னர், நேர்ப்படும் அடையாளங்களை நினைவில் வைக்கும் தேவையும் குறைந்தது. பயன்பாடு குறையும்போது அறிவு மறைகிறது. முதியோரிடம் கேட்டு அவற்றை எழுதிவைப்பதும் ஒருவகையில் மடற்பெட்டித் தேடலே.

பெயர்களே குறிப்புகளாக

குறிப்புகள் எப்போதும் தேடுநருக்கெனவே எழுதப்படுவதில்லை. ஊர்ப்பெயர்களும் பழைய பயண நூல்களும் மண்ணடுக்குகளும் தாமே குறிப்புகளாக அமைவதுண்டு. தாமிரபரணியின் முகத்துவாரப் பகுதி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

பொதிகை மலையில் தோன்றி ஏறத்தாழ 128 கிலோமீட்டர் தொலைவு பாயும் தாமிரபரணி, புன்னைக்காயலில் கடலை அடைகிறது. ஆறு கொண்டுவரும் வண்டல் முகத்துவாரத்தில் படிவதால் கரை கடலுக்குள் முன்னேறியது. கடல் பின்வாங்கப் பின்வாங்கத் துறைமுகங்களும் இடம்மாறின. சங்ககாலத்தில் பாண்டியரின் துறைமுகமாக விளங்கிய கொற்கை இன்று உள்நாட்டுச் சிற்றூராக இருக்கிறது. அதன்பின் சிறப்புற்ற காயலும் கடலை விட்டு விலகிப் பழையகாயல் ஆயிற்று. புன்னைக்காயல் 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியரின் முக்கியத் தங்குமிடமாக இருந்தது; பின்னர்த் தூத்துக்குடி முதன்மை பெற்றது. காயல் என்பது கடலை ஒட்டிய உப்பங்கழி. பழையகாயல், காயல்பட்டினம், புன்னைக்காயல் ஆகிய மூன்று பெயர்களும், நீர் நின்ற இடத்தையும் நகர்ந்த வரலாற்றையும் இன்றளவும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இக்குறிப்புகளைப் பின்தொடர்ந்து நடந்தவர்களுள் முதன்மையானவர் இராபர்ட் கால்டுவெல் (1814–1891). இடையன்குடியில் வாழ்ந்த அவர், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவராகவே பெரிதும் அறியப்படுகிறார். திருநெல்வேலிப் பகுதியின் ஊர்களை நடந்து ஆராய்ந்தவர் என்பதும் அவருக்குரிய பெருமை. அவர் கையிலிருந்த குறிப்புகள் மிகப் பழையவை. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரயக் கடல் பெரிப்ளுஸ்' என்னும் கிரேக்க நூல், முத்துக்குளிப்பு நடைபெறும் இடமாக 'கொல்கி'யைக் குறிப்பிடுகிறது. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி அதனைக் 'கொல்கோய்' என எழுதினார். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, 'காயல்' என்னும் பெருநகரத்தையும், குதிரைகளையும் பிற சரக்குகளையும் ஏற்றிக்கொண்டு ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து அங்கு வந்த கப்பல்களையும் பற்றிக் கூறியுள்ளார். அந்நகரங்கள் எங்கே இருந்தன என்பது 19-ஆம் நூற்றாண்டில் அறிஞரிடையே ஒரு புதிராக இருந்தது.

கால்டுவெல் நூல்களோடு நின்றுவிடவில்லை. கொற்கைக்கும் பழையகாயலுக்கும் நேரில் சென்றார். கொற்கையில் மண்ணை அகழ்ந்து பார்த்தபோது அடியில் கடல்மணலும் சிப்பிகளும் வெளிப்பட்டன. கடல் ஒருகாலத்தில் அங்கு இருந்தது என்பதற்கு அவை சான்றாயின. பழையகாயலைச் சுற்றியுள்ள மணல்வெளியில் உடைந்த ஓடுகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் சிதறிக் கிடந்தன. சீனத்திலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் கலங்கள் வந்துசேர்ந்த துறைமுகம் அது என்பதற்கு அத்துண்டுகள் சான்று பகர்ந்தன. கொல்கோய் என்பது கொற்கை. மார்க்கோ போலோ கண்ட காயல் இப்பகுதியே என்று அவர் நிறுவினார். அவ்வாய்வுகளின் சாரத்தை 1881-இல் வெளிவந்த தம் திருநெல்வேலி வரலாற்று நூலில் பதிவுசெய்தார்.

கொற்கையில் உள்ள பழைய சிவன்கோயில் ஒன்றின் பெயரே ஒரு குறிப்பாக நிற்கிறது. அக்கோயில் இறைவன் பெயர் அக்கசாலை ஈசுவரமுடையார். அக்கசாலை என்பதற்கு நாணயம் அச்சிடும் இடம் என்பது பொருள். நாணயச்சாலை மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகியும் அதன் நினைவைப் பெயர் காத்துவருகிறது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1968-69-இல் கொற்கையில் நடத்திய அகழாய்வில் கிடைத்த கரித்துண்டு, கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பின்படி கி.மு. 785-ஐச் சேர்ந்தது எனக் கண்டறியப்பட்டது. ஊர்ப்பெயரும் கோயில்பெயரும் தந்த குறிப்பை மண்ணடுக்கு உறுதிசெய்தது.

முத்திரையின் கலை

தேடலின் முதற்பாதி நடை என்றால், மறுபாதி முத்திரை. மடற்பெட்டித் தேடுநர் பலர் தம் முத்திரையைக் கடையில் வாங்குவதில்லை; தாமே செதுக்குகின்றனர். எழுதுகோல் அழிப்பானே அதற்குப் போதுமானது. விரும்பும் வடிவத்தைத் தாளில் கரிக்கோலால் அழுத்தமாக வரைந்து, அத்தாளை அழிப்பானின்மேல் கவிழ்த்து அழுத்தினால் வடிவம் இடவலம் மாறிப் படியும். மை படவேண்டிய பகுதியை மேடாக விட்டு, ஏனையவற்றைக் கூரிய சிறுகருவியால் அகழ்ந்து நீக்க வேண்டும். மேடு மையை ஏற்கும். பள்ளம் வெண்மையாக நிற்கும். வெண்டைக்காயை நறுக்கி வண்ணத்தில் தோய்த்துப் பூவடிவம் பதித்த சிறுவர்களுக்கு இவ்விதி தெரிந்ததே.

எழுத்தைச் செதுக்கும்போது கவனம் மிகுதியாக வேண்டும். 'ப' என்னும் எழுத்தை நேராகச் செதுக்கினாலும் பிழை எளிதில் புலப்படாது. 'ட' என்பதை நேராகச் செதுக்கினால் அது தலைமாறித் தோன்றும். அச்சுக்கலையின் அடிப்படையும் இதுவே. எழுத்தை எதிர்வடிவில் ஆக்கினால்தான் தாளில் அது நேர்வடிவம் பெறும்.

அவ்வகையில் புன்னைக்காயலுக்கும் தமிழ் அச்சுக்கும் நெருங்கிய தொடர்புண்டு. போர்ச்சுகல் நாட்டிலிருந்து வந்த என்றிக்கே என்றிக்கஸ் என்னும் அண்டிரீக் அடிகளார் முத்துக்குளித்துறையில் பல்லாண்டுகள் வாழ்ந்து தமிழ் கற்றார். போர்ச்சுக்கீசிய மொழியில் தமிழுக்கு இலக்கணம் எழுதினார். புன்னைக்காயல் அவர் பணியின் முக்கியக் களமாயிற்று. அவர் தமிழில் ஆக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அச்சிடப்பட்டது. பதினாறு பக்கங்களே கொண்ட அச்சிறுநூல், இந்திய மொழி ஒன்றின் எழுத்துவடிவில் அச்சான முதல் நூலாகும். இதற்கான தமிழ் எழுத்துருக்களை ஜோவான் தெ ஃபரியா கொல்லத்தில் வார்த்தார். அவர் ஒவ்வோர் எழுத்தையும் இடவலம் மாற்றியே ஆக்க வேண்டியிருந்தது. இன்று ஒரு மாணவர் அழிப்பானில் தம் பெயரின் முதலெழுத்தை எதிர்வடிவில் செதுக்கும்போது, தமிழின் முதல் அச்சுவினைஞர் செய்த செயலையே சிறிய அளவில் செய்கிறார்.

கல்வெட்டைப் படியெடுப்பது இதற்கு மாறான முறை. முதலில் கல்லைத் தூரிகையால் தூய்மை செய்வர். நனைத்த தாளை அதன்மேல் பரப்பி, எழுத்தின் பள்ளங்களுக்குள் தாள் படியுமாறு தூரிகையால் தட்டுவர். பின்னர் மையை மேற்புறத்தில் ஒற்றுவர். மேட்டுப்பகுதி கருமையாகும், பள்ளத்திலுள்ள எழுத்து வெண்மையாக நிற்கும். மை தாளின் மேற்புறத்திலேயே படுவதால் எழுத்து இடவலம் மாறாமல் நேராகவே அமையும். இவ்வாறு எடுக்கப்பட்ட படிகளின் வாயிலாகவே தமிழகக் கல்வெட்டுகள் பல்லாயிரம் வாசிக்கப்பட்டன. கல் தன் இடத்திலேயே இருந்தது. செய்தி மட்டும் உலகெங்கும் சென்றது.

கொண்டுசெல்வது எது?

இப்பொழுதுபோக்கு கற்பிக்கும் முதன்மையான பாடம் இங்குதான் உள்ளது. மடற்பெட்டியில் உள்ள முத்திரையைக் கண்டவர் எவரேனும் எடுத்துச் சென்றுவிட்டால், அடுத்து வருபவருக்கு வெறும்பெட்டியே மிஞ்சும். ஒருவருடைய ஆசையால் பலருடைய தேடல் பொருளற்றுப்போகும்.

வரலாற்றிலும் இவ்வாறு நிகழ்ந்ததுண்டு. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876-ஆம் ஆண்டில் ஜெர்மானியரான ஜாகர் அகழ்ந்து கண்ட மட்கலங்களும் இரும்புக் கருவிகளும் பெர்லினுக்குச் சென்றன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாந்தர் ரீ அங்கு நடத்திய விரிவான அகழாய்வில் கிடைத்தவை சென்னை அருங்காட்சியகத்தில் சேர்க்கப்பட்டன. அவை பாதுகாக்கப்பட்டன என்பது உண்மையே. எனினும் அம்மண்ணில் நடக்கும் மாணவர்க்கு, அம்மண் தந்தவற்றைக் காண நெடுந்தொலைவு செல்லவேண்டியதாயிற்று. இந்நிலை இப்போது மாறிவருகிறது. 2023-இல் ஆதிச்சநல்லூரில் அமைக்கப்பட்ட களக் காட்சியகத்தில், அகழாய்வுக் குழியையும் அதனுள் உள்ள தாழிகளையும் அவை கிடைத்த நிலையிலேயே கண்ணாடித் தளத்தின் வழியாகக் காணலாம்.

ஒரு தொல்பொருள் தனியாகப் பேசுவதில்லை. எந்த ஆழத்தில், எவற்றின் அருகில், எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பவற்றோடு சேர்ந்தே அது வரலாற்றைச் சொல்கிறது. மேசைமேல் வைக்கப்பட்ட பீங்கான் துண்டு அழகிய ஓடு மட்டுமே. பழையகாயல் மணல்வெளியில் கிடக்கும் அதே துண்டு, சீனக் கப்பல் சரக்கு வந்துசேர்ந்ததற்குச் சான்று. ஆதலால்தான் சட்டமும் இதில் தலையிடுகிறது. நிலத்தில் மறைந்துகிடந்த மதிப்புள்ள பொருளைக் காண்பவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம். நூறாண்டுகளுக்கு மேற்பட்ட தொல்பொருள்களைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்வதை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக்கருவூலங்கள் சட்டம் தடுக்கிறது.

டார்ட்மூர்த் தேடுநர்க்கும் நடத்தைநெறிகள் உண்டு. தொல்சின்னங்களிலும் கற்சுவர்களிலும் பெட்டியை வைக்கக்கூடாது. பாறையைப் பெயர்த்தல், சிமெண்ட்டால் கட்டுதல், செடிகொடிகளைச் சிதைத்தல் ஆகியவையும் கூடா. கால்நடைகளுக்கோ காட்டுயிர்களுக்கோ தீங்கு நேராதவாறு பெட்டி அமைய வேண்டும். இடத்தை மாற்றாமல் இடத்தை அறிவதே இந்நெறிகளின் நோக்கம்.

பள்ளியில் ஒரு தொடக்கம்

இப்பொழுதுபோக்கிற்குச் செலவு மிகக் குறைவு. மூடி இறுகிய சிறிய நெகிழிப்பெட்டி, கோடிடாத குறிப்பேடு, அழிப்பானில் செதுக்கிய முத்திரை, மைப்பொதி, கரிக்கோல் ஆகியவை போதும். உப்புக்காற்று வீசும் கடற்கரை ஊர்களில் ஏட்டையும் முத்திரையையும் தனித்தனி நெகிழியுறைகளில் இட்டுவைத்தல் நலம்.

பெட்டியைப் பள்ளி வளாகத்திலோ நூலகத்திலோ உரியவரின் இசைவு பெற்று வைத்துத் தொடங்கலாம். ஆற்றுமுகத்துவாரமும் அலையாத்திப் புதர்களும் நீரோட்டமும் ஓதமும் மாறும் இடங்கள். பறவைகள் தங்கும் இடங்கள். அங்குப் பெட்டி வைத்தல் தகாது. பேருந்து நிலையம், தொடர்வண்டி நிலையம் போன்ற பொது இடங்களில் கேட்பாரற்ற பெட்டி அச்சத்தை உண்டாக்கும்; அங்கும் தவிர்க்க வேண்டும். வெளியே தேடச் செல்வோர் தனியாகச் செல்லாமல் ஆசிரியருடனோ பெற்றோருடனோ செல்ல வேண்டும்.

குறிப்பு எழுதுதல் மொழித்திறனுக்கு நல்ல பயிற்சி. தொல்காப்பியம் 'பிசி' எனக் கூறும் விடுகதை மரபு தமிழில் மிகத் தொன்மையானது. அம்மரபில் ஒரு குறிப்பு இவ்வாறு அமையலாம்:

"காயல்கள் மூன்று. ஒன்று தன் முதுமையைப் பெயரில் சொல்லும். மற்றொன்று தன் பெருமையைச் சொல்லும். மூன்றாவது ஒரு மரத்தைச் சொல்லும். அம்மரத்தின் பெயரிலுள்ள எழுத்துகளை எண்ணிப் பத்தால் பெருக்குக. நூலக வாயிலில் நின்று, கதிரவன் எழும் திசை நோக்கி அத்தனை அடிகள் நடக்க. நடந்தவரின் வலக்கைப் பக்கம் தேடுக."

முதுமையைச் சொல்வது பழையகாயல். பெருமையைச் சொல்வது காயல்பட்டினம். மரத்தைச் சொல்வது புன்னைக்காயல். 'புன்னை' என்பதில் எழுத்துகள் மூன்று. எனவே கிழக்கு நோக்கி முப்பது அடிகள் நடந்து, தென்புறத்தில் தேட வேண்டும். ஊர்ப்பெயர் அறிவும் எழுத்தறிவும் திசையறிவும் இல்லாதவர்க்குப் பெட்டி கிட்டாது. குறிப்பை எழுதுபவர், சொல்லில் ஐயம் தோன்றாதவாறு எழுதக் கற்கிறார். படிப்பவர், ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுப் படிக்கக் கற்கிறார்.

பதிவே பாதுகாப்பு

தாமிரபரணியின் முகத்துவாரம் நூற்றாண்டுதோறும் இடம்பெயர்ந்தது. துறைமுகங்கள் மண்ணால் மூடப்பட்டன, முத்துக்குளிப்பு நின்றது, கடலோடிகளின் அடையாளங்கள் மறைந்துவருகின்றன. நிலமே மாறிக்கொண்டிருக்கும் இடத்தில், எழுதிவைக்கப்பட்டவையும் வழங்கிவரும் பெயர்களும் மட்டுமே எஞ்சுகின்றன. கிரேக்கக் கடலோடி எழுதிய ஒரு சொல்லைக் கொண்டு, பதினேழு நூற்றாண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் கால்டுவெல் கொற்கையை அடையாளம் கண்டார். எழுதியவர்க்கு, எதிர்காலத்தில் ஒருவர் தேடிவருவார் என்பது தெரியாது.

இன்று ஒரு மாணவர் தம் ஊரின் குளம், மரம், தெரு, படகுத்துறை ஆகியவற்றின் பெயரையும் இருப்பிடத்தையும் நாளிட்டுக் குறித்துவைப்பாராயின், அதுவும் பின்வருவோர்க்கு ஒரு மடலாகும். கண்டதைக் கண்ட இடத்திலேயே விட்டுவைத்து, அதன் பதிவை ஏட்டில் ஏற்றி, அடுத்தவர் காண வழிவிடுபவரே சிறந்த தேடுநர் ஆவார்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரிலுள்ள ஐந்து தெரு, குளம் அல்லது மரத்தோப்புப் பெயர்களைத் திரட்டி, அவற்றின் காரணத்தை மூத்தோரிடம் கேட்டு எழுதுக.

2. அழிப்பானில் உங்கள் பெயரின் முதலெழுத்தை எதிர்வடிவில் செதுக்கி, முத்திரையாகப் பதித்து வகுப்பில் காட்சிப்படுத்துக.

3. பள்ளி வளாகத்தில் ஓரிடத்தைக் கண்டறிவதற்கான குறிப்பை விடுகதை வடிவில் எழுதி, மற்றொரு குழுவிடம் அளித்துக் கண்டறியச் செய்க.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. 'அக்கசாலை' என்னும் சொல்லின் பொருள்
அ) முத்துக்குளிக்கும் இடம் ஆ) நாணயம் அச்சிடும் இடம் இ) கப்பல் கட்டும் இடம் ஈ) உப்பு விளையும் இடம்

குறுவினா

1. மடற்பெட்டியில் இடம்பெறும் இரு பொருள்கள் யாவை? அவற்றின் பயன் யாது?

2. 'பார்' – பொருள் தருக.

சிறுவினா

1. முத்திரை செதுக்குதலுக்கும் கல்வெட்டுப் படியெடுத்தலுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.

2. கடலோடிகள் கருவியின்றிப் பார்களைக் கண்டறிந்த முறையை விவரிக்க.

நெடுவினா

1. 'தொல்பொருள் தனியாகப் பேசுவதில்லை' – இக்கூற்றைத் தாமிரபரணிக் கரைச் சான்றுகளைக் கொண்டு நிறுவுக.